சிவப்புப் பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. அதற்கு இப்போது வீடியோக்கள் இருக்கின்றன, என்னைவிடப் பொறுமையாகச் சொல்கின்றன. எந்த மெனுவில் எதை அழுத்த வேண்டும் என்று என்னைக் கேட்டால் பாதி மறந்திருப்பேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நான் சொல்ல வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையைப் பற்றி. அன்று என் சோம்பலாலும் அவசரத்தாலும் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். இதை நானாகச் சொன்னால்தான் உண்டு. சம்பந்தப்பட்ட மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள், வெளியில் பேச மாட்டார்கள்.

நம் வாடிக்கையாளர்கள் எல்லாம் சின்ன இடங்கள். கிளினிக், பட்டறை, வக்கீல் ஆபீஸ். அவர்களின் ஃபைல்கள் ஒரே இடத்தில் இருக்க ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வைத்துக் கொடுப்போம். ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பார்கள். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மேடம், இதை வெளியூர்லேருந்து பாக்க முடியுமா?" முடியும். பிரவுசரில் ஒரு பெயரைத் தட்டினால் எங்கிருந்தாலும் அந்தப் பெட்டியின் லாகின் பக்கம் வரும்படி செய்யலாம். அதைப் பாதுகாப்பாகச் செய்ய ஒரு வழி உண்டு. வேலை முடிந்தது என்று சொல்லி வண்டியைக் கிளப்ப இன்னொரு வழியும் உண்டு. நான் இரண்டாவது வழியில் கெட்டிக்காரி.

கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. அந்தப் பெட்டி 'நான்தான் நான்' என்று தனக்குத்தானே கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழோடு வருகிறது. பிரவுசர் அதை நம்புவதில்லை. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பு அடையாளத்தோடு ஒரு பக்கம் காட்டி வழியை மறிக்கும். வெளியில் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்த சான்றிதழைப் போட்டால் அந்தப் பக்கம் வராது. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அரை மணி நேர வேலை, சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். அதனால் அந்த நாளில் ஊரில் இந்தத் தொழிலில் இருந்த பலரும் வாடிக்கையாளரிடம் சொன்னதையே நானும் சொன்னேன். "சிவப்பா ஒரு பக்கம் வரும், பயப்படாதீங்க. அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அழுத்துங்க. அப்புறம் ப்ரொசீடுன்னு வரும், அதையும் அழுத்துங்க. அவ்வளவுதான்."

ஸ்ரீரங்கத்தில் ஒரு நரம்பியல் டாக்டருக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் அவர் லால்குடியில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்காருவார். ஸ்ரீரங்கத்து ஃபைல்கள் அங்கேயும் தெரிய வேண்டும். மனிதர் மூளையைப் படம் பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடுவார், கம்ப்யூட்டரில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் கையை எடுத்துவிடுவார். நாலு தடவை போன் வந்தது. ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய், ஒரு வெள்ளைத் தாளில் 'சிவப்புப் பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம்' என்று தலைப்புப் போட்டு, கீழே இரண்டு படிகளை எழுதி, அவர் லேப்டாப்பின் ஓரத்திலேயே டேப் போட்டு ஒட்டினேன். அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

இன்னொரு காரியமும் செய்தேன். இனிமேல் நோயாளிகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ரிசப்ஷனில் ஒரு அறிவிப்பு வைக்கச் சொன்னதும் நான்தான்.

ஒளிக்காமல் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய பெட்டிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். டாக்டருக்குத் தனியாக ஒரு லாகின் பெயர் போட்டுக் கொடுக்கச் சோம்பல்பட்டு, அதே அட்மினையே கொடுத்திருந்தேன். பிறகு ஒரு இடி மழையில் கிளினிக்கின் ரவுட்டர் போய்விட்டது, புதியது மாற்றினேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் தட்டும் பெயரை, இணைய நிறுவனம் அந்த இணைப்புக்கு அவ்வப்போது மாற்றித் தரும் எண்ணோடு பொருத்தி வைக்கிற வேலையைப் பழைய ரவுட்டர்தான் செய்துகொண்டிருந்தது. புதியதில் அதைப் போட மறந்துவிட்டேன். எண் மாறாத வரைக்கும் எல்லாம் ஓடியது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளூர் இணைய நிறுவனம் ஏதோ பராமரிப்பு என்று எல்லா இணைப்பையும் ஒரு முறை அணைத்துப் போட்டது. எண்கள் கலைந்து வேறு வேறு இடங்களுக்குப் போயின. வெளியிலிருந்து எட்டக்கூடிய எண் கேட்டு வாங்கினவர்கள் அவர்களிடம் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் முக்கால்வாசி என் வாடிக்கையாளர்கள். இதெல்லாம் பிறகு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.

பதினோரு மணி இருக்கும். ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலை வந்திருந்தேன். டாக்டரின் போன். ஓரங்கட்டி ஒரு பூக்கடைப் பக்கம் நின்றேன்.

"மேடம், பேஷன்ட் ஃபோல்டர் எதையும் காணோம்," என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது, ஆனால் வேகமாகப் பேசினார். "இங்க நம்ம பேஷன்ட் தமிழரசி, லால்குடிப் பொண்ணு, ஃபிட்ஸோட வந்திருக்கு. முதல் ஊசி போட்டு நிறுத்திட்டேன். திரும்ப வர்றதுக்குள்ள அடுத்த மருந்து ஏத்தணும். என் கையில ரெண்டு மருந்துதான் இருக்கு. அதுல ஒண்ணு இந்தப் பொண்ணுக்கு ஆகாது, போன வருஷம் நம்ம ஸ்ரீரங்கத்துல போட்டு மூச்சு வாங்கிப் போச்சு. எதுன்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்காரருக்கு மருந்துப் பேரு தெரியலை, கையில ஃபைலும் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, வர நேரமாகும். ஃபோல்டரைத் திறந்தா வேற என்னென்னமோ இருக்கு, ஏதோ டிராயிங்..."

அவர் 'டிராயிங்' என்று சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. 'காணோம்' என்ற வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். அதற்கு முந்தின மாதம்தான் வேறு ஒருவர் பராமரித்த ஓர் ஆபீஸில் எவனோ உள்ளே நுழைந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிப் பணம் கேட்டிருந்தான். நாங்கள் தொழில் செய்யும் தில்லைநகர் முழுக்க அதே பேச்சு. எனக்கும் அதே பயம். டாக்டர் பேசி முடிக்கவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டர், எதையும் தொடாதீங்க. யாரோ உள்ள பூந்துட்டான். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

இரண்டாவது போனில் ஸ்ரீரங்கம் கிளினிக்கைக் கூப்பிட்டேன். எடுத்தது நசீமா. பதினைந்து வருஷமாக அங்கே ரிசப்ஷனில் இருக்கிறவர், எந்த நோயாளியின் பெயரையும் மறக்காதவர். அவருடைய கம்ப்யூட்டர் அதே கட்டடத்தில் அந்தப் பெட்டியோடு நேராக இணைந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, நான் செய்ததைக் கேளுங்கள்.

"நசீமா, அந்தக் கறுப்புப் பெட்டியோட பிளக்கைப் புடுங்குங்க. உடனே."

"ஏன் மேடம்? எனக்கு இங்க எல்லா ஃபைலும் தெரியுதே. இப்பதான் ஒரு ரிப்போர்ட் ஸ்கேன் பண்ணிப் போட்டேன்."

"நசீமா, பேசிட்டிருக்க நேரமில்லை. முதல்ல புடுங்குங்க."

அவர் பிடுங்கிவிட்டார். என் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம். எல்லா ஃபைலும் தெரிகிறது என்று ஒருத்தி சொல்கிறாள், அந்த ஃபைலுக்காக ஒரு டாக்டர் காத்திருக்கிறார், நடுவில் நான் நின்றுகொண்டு அந்த ஒரே கதவையும் இழுத்துச் சாத்தினேன். 'அந்தப் பெண்ணின் ஃபைலைத் திறந்து படியுங்கள்' என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"டாக்டர், பெட்டியை அணைச்சாச்சு. இனிமே அவனால ஒண்ணும் பண்ண முடியாது," என்றேன். பெரிய சாதனை செய்த மாதிரி.

டாக்டருக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், "கண்ணைத் தொற தமிழு, இங்க பாரு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் சொன்னார்: "அணைச்சாச்சுங்கறீங்க. எனக்கு இன்னும் திறக்குதே மேடம். இப்பகூட ஒரு ஃபோல்டரைத் தொட்டேன், திறந்துச்சு."

பிளக்கைப் பிடுங்கிய பெட்டி எப்படித் திறக்கும்? அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பஸ் ஹாரனும் பூக்கடைக்காரம்மாவின் பேரமும் காதில் விழாமல் போயிற்று.

"உள்ள என்ன இருக்கு டாக்டர்? மெதுவா சொல்லுங்க."

"அதைத்தான் முதல்லயே சொன்னேன். டிராயிங். ஏதோ டேங்க், பைப்பு. கீழ பட்டறை பேரு, அரியமங்கலம்னு போட்டிருக்கு."

அரியமங்கலத்தில் அந்தப் பட்டறைக்குப் பெட்டி வைத்துக் கொடுத்ததும் நான்தான். கிளினிக்கின் பழைய எண் காலையில் பட்டறைக்குப் போயிருக்கிறது. டாக்டர் தட்டிய பெயர் அவரைப் பட்டறையின் பெட்டிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. பிரவுசர் சிவப்புப் பக்கத்தைக் காட்டி, 'இது நீ தேடி வந்த இடம்தானா என்று தெரியவில்லை' என்று எச்சரித்திருக்கிறது. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. டாக்டர் லேப்டாப் ஓரத்தில் நான் ஒட்டிய தாளைப் பார்த்து இரண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒரே மாதிரி லாகின் பக்கம், ஒரே பாஸ்வேர்டு. கதவு திறந்துவிட்டது. திருடன் யாரும் இல்லை. எல்லாம் என் கைவேலை.

"நசீமா, பிளக்கைத் திரும்பப் போடுங்க. பெட்டி எழுந்ததும் லால்குடி தமிழரசியோட ஃபைலை எடுத்து, எந்த ஊசி ஆகாதுன்னு பாருங்க."

"போட்டுட்டேன் மேடம். லைட்டு மினுக்குது."

தடாலென்று மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் பெட்டி எழுந்ததும் தன் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை சரிபார்க்கும். அது முடியும் வரை எதையும் காட்டாது. எவ்வளவு நேரம் என்று அதற்கே தெரியாது. ஒரு காதில் லால்குடி, ஒரு காதில் ஸ்ரீரங்கம். கிளினிக்குக்கு வண்டியில் ஐந்து நிமிஷம். போய்விடலாமா என்று கை சாவிக்குப் போனது. போனால் என்ன செய்வேன்? அந்த விளக்கு மினுக்குவதை நசீமாவுக்குப் பதில் நான் பார்ப்பேன். இரண்டு போனையும் விட்டுவிட்டு வண்டி ஓட்டுவதைவிட நிற்பதுதான் சரி என்று நின்றேன். அன்று நான் எடுத்த முதல் சரியான முடிவு அது.

"டாக்டர், தப்பு என்னோடது. யாரும் உள்ள வரலை. ஃபைல் பத்திரமா இருக்கு. பெட்டி எழுந்துக்க சில நிமிஷம் ஆகும், எவ்வளவுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

'இதோ வந்துடும்' என்று சொல்ல வாய் துடித்தது. வாடிக்கையாளரிடம் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். ஆனால் அவர் என் வார்த்தையை வைத்து ஒரு முடிவு எடுக்கப் போகிறார் என்பது அப்போதாவது எனக்கு உறைத்தது.

"சரி," என்றார். "கை விரல் துடிக்க ஆரம்பிச்சிருக்கு. எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் எது ஆகும்னு ஒரு நினைப்பு இருக்கு. அதை ட்ரேல எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் பாப்பேன். வரலைன்னா அதைப் போடுவேன்."

அந்த ஐந்து நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது, அதைப் பார்க்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது நிமிஷம் தாண்டியபோது நசீமாவின் போன் வழியாகப் பெட்டியின் 'பீப்' சத்தம்.

"வந்துடுச்சு மேடம். தமிழரசி, லால்குடி. ஃபைலைத் திறந்துட்டேன். சிவப்பு மையில எழுதியிருக்கார். படிக்கட்டுமா?"

எனக்கு மருந்துப் பெயர்கள் தெரியாது. அவர் படித்து, நான் கேட்டு, இன்னொரு போனில் நான் சொல்லி, டாக்டர் கேட்டு. காலையிலிருந்து நான் நடுவில் நின்றதால் வந்த வினை போதாதா?

"எங்கிட்ட படிக்காதீங்க நசீமா. நான் வச்சுடறேன். டாக்டரை நேரா கூப்பிட்டு, எழுத்தெழுத்தா ரெண்டு தரம் சொல்லுங்க." மற்ற போனில், "டாக்டர், ஃபைல் கிடைச்சிருச்சு. நான் வச்சுடறேன், நசீமா கூப்பிடுவாங்க," என்றேன். இரண்டு போனையும் அணைத்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது, அவர்கள் பேசுகிற லைனை நான் மறிக்கக்கூடாது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நசீமா கவுண்டரில் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டேன் மேடம். ரெண்டு தரம் சொன்னேன். ட்ரேல எடுத்து வச்சிருந்தது அதேதானாம். ஆகாத மருந்து. தள்ளி வச்சுட்டு மத்ததை ஏத்திட்டார். அல்லாஹ் காப்பாத்துனான்."

நான் அவர் எதிரில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் அவர் சொன்னார், "நான்தான் ஃபைல் தெரியுதுன்னு சொன்னேனே மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ள விரும்பியது போல்தான் கேட்டார்.

அன்று மத்தியானமே அரியமங்கலம் போனேன். உங்கள் பெட்டிக்குள் இன்றைக்கு ஒரு வெளியாள் வந்துபோனார், என் தப்பால் என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். வெல்டிங் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இதுக்கு முன்னாடி யாராவது வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது," என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அடுத்த மாதம் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் லால்குடியிலிருந்து திரும்பிய டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சான்றிதழ், பாஸ்வேர்டு, ரவுட்டர் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஒட்டுன பேப்பர்ல இருந்ததைத்தானே செஞ்சேன்?" என்றார். திட்டியிருக்கலாம். அந்தத் தாளை நான் உரித்து எடுத்தபோது டேப்பின் பிசின் லேப்டாப்பில் தங்கிவிட்டது. பிறகு இரண்டு வாரம் வேறு வேலை எடுக்காமல் என் வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் போனேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்டு, முறையான சான்றிதழ், அது தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒரு சோதனை. ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு: "இனிமே சிவப்புப் பக்கம் வந்தா அங்கயே நின்னுடுங்க. எனக்கு போன் பண்ணுங்க. நாலு தடவை பண்ணாலும் பரவாயில்லை."

உங்களுக்கு என் பாடம் சான்றிதழைப் பற்றியது மட்டும் இல்லை. அதை நீங்கள் எப்படியும் போடுவீர்கள், இப்போது அது சுலபம். எதிராளி வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருங்கள். நசீமாவும் டாக்டரும் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆளுக்கொரு பாதி. அந்த இரண்டு பாதியும் காதில் விழுந்த ஒரே ஆள் நான். அந்த நானே கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீரங்கம் கிளினிக்கில் வேலையாக இருந்தேன். தமிழரசி டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் செல்வராஜ், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதான் ஃபைலை எடுத்துக் குடுத்தீங்களாமே மேடம். நீங்க இல்லைன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்கும்னே தெரியலைங்க."

யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். அப்படியே விட்டிருக்கலாம். நசீமா கவுண்டரிலிருந்து என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றேன். "ஃபைல் எடுத்துக் குடுத்தது நசீமா. கிடைக்க லேட் ஆனது என்னால. நான் செஞ்ச தப்பாலதான் டாக்டருக்கு அங்க ஃபைல் தெரியாம போச்சு."

கும்பிட்ட கை மெதுவாக இறங்கியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"இனிமே அந்த மாதிரி வராதுங்களா?"

இருபத்தைந்து வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலை யோசிக்காமல் சொல்லிவந்தேன். வராதுங்க, நான் பாத்துக்கறேன். அன்று அது வாயில் வரவில்லை.

"நான் செஞ்ச தப்பு மறுபடி வராதுங்க. வேற எதுவுமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்ப அந்த ஆகாத ஊசி பேரை இதுல எழுதிக் குடுங்க மேடம். நாங்களும் ஒண்ணு வச்சுக்கறோம்."

பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். தாளை நசீமாவிடம் கொடுத்தேன். அவர் ஃபைலைத் திறந்து, பார்த்து எழுதி, இரண்டு தரம் படித்துக் காட்டினார். செல்வராஜ் அதை மடித்துக் கொண்டுபோய்த் தமிழரசியின் கையில் கொடுத்தார்.